கோழிக்குப் பிடித்த முட்டை

எங்கள் தெருத் தச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் செய்யும் நாற்காலிகள் ஆடும். வாங்கியவர்கள் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து போடுவார்கள். அவர் வீட்டுக் கோழி, தான் இட்ட முட்டையைத் தானே கொத்திக் குடித்தது. அதைத் திருத்த, மரத்தில் ஒரு முட்டை கடைந்து, வெள்ளையடித்து, அது முட்டையிடும் கூடையில் வைத்தார். கொத்திப் பார்த்து அலகு நொந்த கோழி, அந்தப் பழக்கத்தையே அடியோடு விட்டது.

அடுத்து அது அடைக்கு உட்கார்ந்தது. நல்ல முட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு, மர முட்டையை மட்டும் அணைத்துக்கொண்டது. எடுக்கப்போன தச்சரின் விரலில் ரத்தம் வரக் கொத்தியது.

“இன்னும் எத்தனை நாளைக்கு இது மரக்கட்டைய அடைகாக்கும்? பிடுங்கி எறிங்க,” என்றாள் மனைவி.

தச்சர் விரலைச் சப்பிக்கொண்டே சொன்னார்: “நீ சும்மா இரு. நான் செஞ்ச பொருளைத் திருப்பிக் குடுக்காத முதல் ஆளு இதுதான்.”