ஆடாத மேசை

தேயோவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. டொமினிக்கன் குடியரசின் வடகரையில் ரப்பர் குழாயில் காற்றை உறிஞ்சிக்கொண்டு சிங்கி இறால் பிடிக்கிறவர்களில் பலர் கதை இப்படித்தான் முடியும். ஊரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவனும்தான்.

கால் போன அன்று கடலடிப் பாறை இடுக்கில் ஒரு கறுப்புக் கட்டி கிடந்தது. ரொட்டி அளவு, பேய்க்கனம். ஈயம் என்று நினைத்தான்; உருக்கினால் வலைக்குக் குண்டு வார்க்கலாம். கயிற்றில் கட்டிய நேரம் பார்த்துக் காற்றுக்குழாய் மடங்கிக்கொண்டது. படகிலிருந்த மிங்கோ கட்டியையும் அவனையும் ஒரே இழுப்பில் தூக்கினான். ஆழத்திலிருந்து மெல்ல ஏறாவிட்டால் ரத்தத்தில் குமிழி கட்டி உடம்பை முடக்கிவிடும். கட்டி படகேறியது. கால்கள் இன்னும் ஏறவில்லை.

மனைவி நெரெய்தா கட்டியைக் கரியடுப்பில் வைத்துப் பகலெல்லாம் விசிறினாள். ஈயமாக இருந்தால் வெண்ணெயாக ஓடியிருக்கும். இது சூடானதோடு சரி.

"கால முழுங்கினியே, உருகவாவது செஞ்சியா?" என்று அதைத் தெருவில் எறிந்தாள்.

மளிகைக்கடை வாசலில், புள்ளிக்காய்களை நிறுத்தி வைத்து நாலு பேர் ஆடும் டொமினோ மேசைக்கு ஒரு கால் குட்டை. கட்டி அதன் அடியில் வேலைக்குச் சேர்ந்தது. சக்கர நாற்காலியில் தேயோ மேலே சேர்ந்தான். மேசை ஆடாமல் இருந்தால்தான் மனுஷன் ஆட முடியும். காலையில் வந்தால் இருட்டியபின் போவான். அவனுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

பல வருஷம் கழித்து, பீர் வாங்க வந்த அருங்காட்சியகத்து அம்மாள் மேசைக்கடியில் குனிந்தாள். சுரண்டினால் வெள்ளி. ஸ்பெயின் ராஜாவின் வரி முத்திரை வேறு. ஒழுங்காக வரி கட்டிவிட்டு மூழ்கிய கப்பல். இங்கே இப்போது ராஜா இல்லாததால் கட்டி அரசாங்கத்துக்கு என்றார்கள்.

"வெள்ளியாமே," என்றாள் நெரெய்தா. "ஈயமாவே இருந்திருக்கலாம்."

"உங்களுக்கு என்ன வேணும், தோன் தேயோ?" என்று அம்மாள் மரியாதையாகக் கேட்டாள்.

"மேசை ஆடாம இருக்கணும்மா."

எல்லாரும் சிரித்தார்கள். பத்திரிகை அதை எளிமை என்று எழுதியது. கட்டி குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குப் போனது.

மறுநாள் மேசை ஆடியது. நிறுத்தி வைத்த காய்கள் சரிந்து எல்லார் காயும் எல்லாருக்கும் தெரிந்தது. அட்டையை மடித்து வைத்தார்கள்; ஓடு வைத்தார்கள்; ஓங்கி ஒரு காயை அடித்தால் எல்லாம் நழுவியது. மிங்கோவைத் தவிர மற்ற இருவரும் நாளைக்குப் பார்ப்போம் என்று எழுந்தார்கள்.

மிங்கோவின் மகனுக்கு தேயோ ஞானத்தகப்பன். அதனால் ஒருவருக்கொருவர் கும்பாதிரி. அந்த உரிமையில் தேயோ சொன்னான்:

"கும்பாதிரி, மேசையத் தூக்கு."

மிங்கோ தூக்கினான். தேயோ தன் வலது காலைக் கையால் எடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குட்டைக் காலுக்கு அடியில் வைத்தான்.

"எறக்கு."

மிங்கோ தயங்கித் தயங்கி இறக்கினான். "வலிச்சா சொல்லு, கும்பாதிரி."

"யாருக்கு?"

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். காய்களைக் கலைத்துப் பங்கு போட்டார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் இரட்டை ஆறு தேயோவிடம் வந்தது. ஓங்கி அடித்தான்.

மேசை ஆடவில்லை.