சுத்தியல்காரனின் இடது காலை ஒட்டி நின்ற இளங்கோ

இளங்கோ செத்துப்போய்விட்டார். முந்தாநாள் மதியம், ஷிஃப்ட் முடிந்து வடலூர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே... மாரடைப்பு என்கிறார்கள். முப்பத்தாறு வயது.

காலையிலிருந்து என் டைம்லைன் முழுக்க மெழுகுவத்தி. "லெஜண்ட்", "மிஸ் யூ ப்ரோ"... பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இளங்கோ நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் காக்கிச் சட்டையோடு டவுன்ஷிப் கேம் சென்டருக்கு வருவார். ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு பஸ் ஏறுவார்.

அங்கே நாங்கள் ஐந்து பேர். கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்த, பெர்மனென்ட் ஊழியர் வீட்டுப் பிள்ளைகள். அவர் எழுந்த சீட்டைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவோம்... ஆமாம், நானும்தான்.

அவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. சின்ன வயதில் ஊரில் கதிரடிக்கிற மிஷினில் போனது.

கன்ட்ரோலரில் வாள் வீசுகிற பட்டன் சரியாக அந்த விரல்களுக்குத்தான் இருக்கும். அவர் செட்டிங்ஸில் போய் அதைக் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொள்வார். போகும்போது பழையபடி மாற்றி வைத்துவிட்டுப் போவார்.

நாங்கள் விளையாடிய வாள்சண்டை கேமில் ஒரு பாஸ், கடைசியில் வீழ்த்த வேண்டிய பெரிய எதிரி. பனைமர உயரம், கையில் சுத்தியல். சுத்தியல்காரன் என்றுதான் சொல்லுவோம். நாங்கள் ஐந்து பேரும் மூன்று வாரம் அவனிடம் செத்துக்கொண்டே இருந்தோம்.

அவன் ஓங்கினால் எல்லாரும் பின்னால் உருளுவோம். மூன்றாவது அடியை மட்டும் அவன் ஒரு நொடி நிறுத்தி இறக்குவான். உருண்டு எழும்போது சரியாகத் தலையில் விழும்.

இளங்கோவுக்கு உருளவும் அடிக்கவும் ஒரே கட்டைவிரல். இரண்டையும் அடுத்தடுத்து வேகமாகச் செய்ய முடியாது. அதனால் அவர் உருளவே இல்லை... அவனை நோக்கி நடந்து போனார்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். சுத்தியல் வலது கையில் இருக்கிறது, இடது காலை ஒட்டி நின்றால் எட்டாது. மூன்றாவது அடியில் சுத்தியல் தரையில் புதையும், அவன் பிடுங்குவதற்குள் இரண்டு வெட்டு. மூன்றாவது வெட்டுக்கு ஆசைப்படக் கூடாது.

குறைந்த உயிரை ஏற்றிக்கொள்ள மருந்து குடிப்பதும் அந்த இடைவெளியில்தான். தூரமாகப் போய்க் குடித்தால் பாய்ந்து வருவான். பாதி உயிர் போனதும் அவன் உடம்பில் தீ பற்றும், அது அணையும்வரை தூணைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாளைத் தொடவே கூடாது.

இந்தப் பொங்கலுக்கு சென்டரில் போட்டி வைத்தார்கள். இளங்கோ ஒரு அடிகூட வாங்காமல் சுத்தியல்காரனைச் சாய்த்தார்.

எங்கள் கும்பலில் பிரகாஷ் என்று ஒருவன், யூடியூப் சேனல் வைத்திருப்பவன். இது செல்லாது என்றான். இடுக்கில் ஒளிந்து ஜெயிப்பது ஏமாற்று வேலையாம்.

செல்லாது என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். கோப்பை இரண்டாவதாக வந்த பிரகாஷுக்குப் போனது.

இளங்கோ சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்துதான் சொன்னார். "சுத்தி எட்டாத எடத்துல நின்னுகினு அடிக்கறதுதான் சார் வெளயாட்டே. நான் அடி வாங்கியிருந்தா ஒத்துக்கினு இருப்பீங்களா?"

நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் அவர் சென்டர் பக்கம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து பிரகாஷ் ஒரு வீடியோ போட்டான். "என் சொந்த ஸ்ட்ராட்டஜி." இடது கால், இரண்டு வெட்டு, தூண்... எல்லாம் அப்படியே. ஏமாற்று வேலை என்று சொன்ன அதே வாய்.

ஒருநாள் நான் டூட்டி முடிந்து வரும்போது, சைக்கிள் ஸ்டாண்டில் இளங்கோ எனக்காகக் காத்திருந்தார். அவர் மகள் வடலூரில் ஏழாவது படிக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் அந்த வீடியோவைப் பார்த்தபோது, இது எங்கப்பா கண்டுபிடித்தது என்று சொல்லியிருக்கிறாள். அப்படியானால் பேர் எங்கே என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

"கீழ ஒரு வரி எம்பேரு போடச் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வேணாம். பொண்ணு பொய் சொன்னதா ஆயிடக் கூடாது பாருங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. பிரகாஷ் கிண்டல் பண்ணுவானே என்று... அவ்வளவுதான் காரணம். இதை எழுதும்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவர் மறுபடி கேட்கவில்லை. எதிரில் பார்த்தால், டூட்டி முடிந்ததா என்று மட்டும் விசாரிப்பார்.

நேற்று சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். பிரகாஷ் வாசலில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே அவர் மனைவி அழுகிற சத்தம்.

மகள் ஓரமாக நின்றிருந்தாள். பக்கத்தில் போய், அந்த வீடியோவில் இருப்பது உங்கள் அப்பா கண்டுபிடித்ததுதான் என்று சொன்னேன். ஏதோ பெரிய ஆறுதல் சொல்லிவிட்ட மாதிரி.

அவள் அழவில்லை. "எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள்.

சாயங்காலம் பிரகாஷ் "என் உயிர் நண்பன் நினைவாக" என்று ஒன்று போட்டான். நடுவில் அதே ஸ்ட்ராட்டஜி கிளிப், அவன் குரலில். இது இளங்கோவின் முறை என்று கமெண்ட் போட்டேன், அழித்தான். திரும்பப் போட்டேன், பிளாக் பண்ணிவிட்டான்.

பிறகு அவனே போன் செய்தான். செத்தவரை வைத்து ஏன் பிரச்சினை பண்ணுகிறாய் என்று கேட்டான். "அன்னைக்குக் கை தூக்கினதுல நானும் ஒருத்தன்டா. அதையும் சேர்த்துதான் எழுதப்போறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

எழுதிவிட்டேன். நண்பர்களே, உங்களில் பலருடைய பிள்ளைகள் வடலூரில் இளங்கோவின் மகள் படிக்கிற அதே பள்ளிக்குத்தான் போகிறார்கள். மெழுகுவத்தி போடுவதை நிறுத்திவிட்டு, இதை அந்தப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

போய் வாருங்கள் இளங்கோ. மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.