உப்புக்காத்து திரும்பி வந்த மாலை

மயூரதனுக்கு அந்த மாதம் முழுக்க ஒரே தலையிடி. அவன் நடத்திவந்த 'கரை' என்ற இணைய மன்றத்துக்கு சேர்வரில் இடம் கொடுத்திருந்த நிறுவனம், நாங்கள் மூடுகிறோம், உங்கள் சாமானை அள்ளிக்கொண்டு போங்கள் என்று அறிவித்துவிட்டது. மன்றம் ஓடிய மென்பொருளோ பழங்காலத்துச் சரக்கு. இரண்டையும் புதிதாகத் தேட வேண்டும்.

கரை பெரிய மன்றமில்லை. படகில் வந்து, தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருக்கிற சனம் ஒருவரிடம் ஒருவர் வழி கேட்கிற இடம். மயூரதனும் படகில் வந்தவன்தான். இப்போது சிட்னியில், பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் கணினி பார்க்கிறான். தொடங்கிய அன்றே அவன் ஒரு சட்டம் போட்டான்: சொந்தப் பெயர் கூடாது, படம் கூடாது, யார் யாரென்று தெரிந்தாலும் வெளியில் சொல்லக் கூடாது. மின்னஞ்சல் முகவரியைக்கூடப் பொய்யாகக் கொடுங்கள் என்றான். ஊரிலிருக்கிற உறவுகளுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே! பயந்த சனம் சொன்னபடி செய்தது. அந்தக் கெட்டித்தனம்தான் இப்போது அவன் கழுத்தைப் பிடித்தது.

"பேஸ்புக்கில ஒரு குழு துவங்கினா அலுவல் முடிஞ்சுது. என்னத்துக்கப்பா உந்தப் பாடு?" என்றாள் மனைவி சுலக்சனா, குசினிக்குள் இருந்து.

"முகத்தைக் காட்டிப்போட்டு ஆரப்பா கேள்வி கேப்பினம்?"

ஓர் அமெரிக்க நிறுவனம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு உறுப்பினரும் மின்னஞ்சலில் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். செய்யாதவரின் கணக்கு அழியும், அவர் எழுதியதெல்லாம் 'பெயரில்லாதவர்' என்று நிற்கும். இல்லையென்றால் சிட்னியிலேயே ஒரு சேர்வரை வாடகைக்கு எடுத்து, இலவச மென்பொருளைப் போட்டு, திருத்தம், காவல் எல்லாவற்றையும் அவனே சுமக்க வேண்டும். அமெரிக்காவென்றால் பயம் என்றார்கள் சிலர். சிட்னியென்றால் குடிவரவு டிப்பார்ட்மென்ட் பார்க்கும் என்றார்கள் வேறு சிலர். நிலாவில் இடம் கிடைத்தால் அங்கே வைத்திருப்பான், பாவி.

உண்மையில் அமெரிக்கப் பக்கம் போகவிடாமல் அவனைத் தடுத்தது உப்புக்காத்து. அது ஓர் உறுப்பினரின் புனைபெயர். யார் நடுங்கிக்கொண்டு வந்தாலும், "முதல்ல சாப்பிட்டனியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் விசயத்துக்கு வருவார். மயூரதனின் விசா விண்ணப்பம் தள்ளுபடியான நாளில் அவனைப் பிடித்து நிறுத்தியதும் அந்த மனிசன்தான். போன குளிர்காலத்தோடு அவர் எழுத்து நின்றுவிட்டது. திருப்பி அனுப்பிவிட்டார்களோ, அடைத்துவிட்டார்களோ? அந்தப் பெயருக்குப் பக்கத்தில், ஆளில்லை என்று காட்டுகிற சாம்பல் புள்ளி மயூரதனைத் தின்றது. அவர் எழுதிய காலத்திலிருந்தே ரயிலில் எதிரே இருக்கிற ஒவ்வொரு தமிழ் முகத்தையும் இவரோ, இவரோ என்று பார்ப்பான். வென்ட்வேர்த்வில்லில் வெள்ளிதோறும் றோல்ஸ் வாங்குகிற கடையில், வரிசையில் நிற்பவர்களைத் துழாவுவான். அங்கே றோல்ஸ் பொரித்துக் கொடுக்கிற இரத்தினசிங்கத்தின் மரண அறிவித்தல் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த நாளிலும், "அட பாவம்" என்றுவிட்டு வரிசையைத்தான் பார்த்தான்.

"அந்தாளை நான் என்ர கையால அழிக்கிறதோ? எனக்கென்ன விசரோ?" என்று சிட்னி சேர்வரையே எடுத்தான்.

எல்லோருக்கும் பழைய மன்றத்திலேயே தனித்தனியாகப் புதிய கடவுச்சொல் கொடுத்தான். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வராத உப்புக்காத்தின் கணக்கைத் தானே திறந்து, பழைய பதிவுகள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று அந்தப் பெயரிலேயே உள்ளே போய்ப் பார்த்தான். எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு புதிய பெண் பிள்ளை எழுதியது: "மறுப்புக் கடிதம் வந்திட்டுது. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. ஆராவது இருக்கிறியளோ?"

"பயப்பிடாதேங்கோ. அப்பீல் பண்ண நேரமிருக்கு. லோயரின்ர நம்பர் தாறன்" என்று அவசரத்தில் தட்டி அனுப்பினான் மயூரதன். பதிலின் மேலே நின்ற பெயர் உப்புக்காத்து. ஐயோ! வெளியேற மறந்துபோனான்.

அழிப்பதற்குள் சனம் பாய்ந்து வந்துவிட்டது. "அண்ணை, உயிரோட இருக்கிறியளோ!" "த பேசின் கோயில் பிள்ளையாருக்கு உங்களுக்காக நேத்தி வைச்சனான், நாளைக்கே தேங்காய் உடைக்கிறன்!"

தோளுக்கு மேலால் வாசித்த சுலக்சனாவின் கண் கலங்கியது. "அப்பிடியே விடுங்கோவன். சனம் சந்தோசமா இருக்கட்டும்."

விடலாம்தான். இனிமேல் அவராகவே எழுதிக்கொண்டும் இருக்கலாம். நினைக்கவே மயூரதனுக்கு உடம்பு கூசியது. வெளியேறி, தன் பெயரில் வந்து எழுதினான்: "அது நான். பிழையா அவரின்ர பேரில எழுதிப்போட்டன். மன்னியுங்கோ. அவர் எங்கை எண்டு எனக்கும் தெரியாது."

பிறகு 'தாழம்பூ' என்ற உறுப்பினர் எழுதினார்: "எழுதினது அவர் இல்லையெண்டு எனக்கு முதலே தெரியும். சாப்பிட்டனியோ எண்டு கேக்காமல் அவர் துவங்கமாட்டார். அவர் போன குளிருக்குள்ள செத்திட்டார். வென்ட்வேர்த்வில்லில றோல்ஸ் பொரிச்ச இரத்தினசிங்கம் அண்ணைதான் அவர், எனக்கு மட்டும் சொன்னவர். செத்தவீட்டுக்கு நாலைஞ்சு பேர்தான் வந்தது. ஆரெண்டு சொல்லக் கூடாதெண்டு நீங்கதானே சட்டம் போட்டனீங்கள், அதால சொல்லேல்லை."

வெள்ளிதோறும் அந்தக் கை பையை நீட்டும். "சூடாக் கிடக்கு, ஆறவிட்டுச் சாப்பிடுங்கோ தம்பி" என்னும் அந்தக் குரல். ஒருநாளாவது அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தானா? வரிசையைத்தானே பார்த்தான்! மயூரதன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அந்தப் பிள்ளை இன்னும் காத்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, தன் பெயரில்தான் இருக்கிறேனா என்று ஒருதரம் பார்த்துக்கொண்டு எழுதினான்: "முதல்ல சாப்பிட்டனியோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை" என்று பதில் வந்தது.