“மறுகா” என்று சொன்ன குற்றம்

“அப்பா மோசம் போயிட்டார், மாமா” என்று நம்மூர் நல்லதம்பி அண்ணனின் மகள் ஜீவா தொலைபேசியில் சாவுச் செய்தி சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் தணியவில்லை.

நம் படுவான்கரை வயல்களுக்கு அவர்தான் வட்டவிதானை, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுபவர். நான் வயல்காரர்கள் சேர்ந்த நம் கமக்காரர் அமைப்பின் செயலாளர். ஒரு வறட்சிப் போகத்தில் என் வயலுக்கு ஒருநாள் முந்தித் தண்ணீர் கேட்டேன். “தண்ணிக்குச் சொந்தக்காரன் இல்ல மனே, முறைக்காரன்தான் இருக்கான்” என்று சொல்லிவிட்டு மதகைப் பூட்டினார். இரண்டு கிழமை நான் அவரோடு பேசவில்லை.

சென்ற வருடம் நியூமோனியாவில் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு நாள் கிடந்தார். தொண்டைக் குழாயை எடுத்த சில நாளில் நினைவைச் சோதித்தார்கள். டாக்டர் சிங்களத்தில் கேட்க, வகுப்பில் தமிழ் படித்த ஒருவர் ஏட்டுத் தமிழில் மாற்றிச் சொன்னார்: “நீங்கள் காலையில் என்னென்ன செய்வீர்கள்?”

“விடிய எழும்புவன். மறுகா வயல் வட்டைக்குப் போவன். மறுகா மதகப் பாப்பன். மறுகா...”

பிறகு என்பதற்கு நம்மூரில் வேறு என்ன சொல்வது? ‘அர்த்தமில்லாத ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், தெளிவில்லை’ என்று அறிக்கை எழுதினார்கள். விளக்கப் போன ஜீவாவை வெளியே நிற்கச் சொன்னார்கள். செத்த வீட்டில்தான் இதை அவள் எனக்குச் சொன்னாள்.

அந்த அறிக்கையை நம்பி, இனிப் பயனில்லை என்று அவரை ஞாபகப் பயிற்சிக்கு அனுப்பவில்லை. அதையே நம்பி நம் அமைப்பின் கூட்டம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

தை மாதம் அவரை வீட்டில் பார்க்கப் போனேன். “மூளை கலங்கினது மெய்தான். ஆசுப்பத்திரிச் சுவரில மீன் ஓடக் கண்டன். அது வடிஞ்சி கனநாள். ஒருத்தரும் வந்து கேக்கல்லயே” என்றார். பிறகு நாற்பத்திரண்டு வயல்களின் தண்ணீர் முறையையும் வரிசை தப்பாமல் சொன்னார். அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

டாக்டரைத் திட்டுவது லேசு. அவருக்கு நம்மூர்த் தமிழ் தெரியாது. அண்ணனை நீக்கிய தீர்மானத்தில் கையெழுத்து வைத்த எனக்கு என்ன சாட்டு? அந்த ‘ஒரே சொல்’ எது என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் கூட்டத்தில் கை உயர்த்திய உறுப்பினர்களான நீங்களும் கேட்கவில்லை. நாம் எல்லோரும் நாளுக்கு நூறு தரம் சொல்லும் சொல் அது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதும் அதுதான். தை மாதம் பார்த்த அன்று நான் புறப்பட எழும்பும்போது, “மறுகா வா மனே” என்றார். ஓம் என்றேன். போகவில்லை.