பன்னிரண்டு கேள்விப் பொருத்தம்

எழுபத்திரண்டு வயதில் பெண் கேட்டுப் போவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பெண்ணின் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் பெண்ணின் மகனுக்குப் பதில் சொல்ல வேண்டும். பெங்களூர் மர்பி டவுன் உத்தமனுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உறைத்தது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சொர்ணம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு.

உத்தமனை அங்கே எல்லோரும் மார்க்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பில் முப்பத்தெட்டு வருஷம் பில்லியர்ட்ஸ் மார்க்கராக இருந்தவர். மேஜையைச் சுற்றிச் சுற்றி நடப்பது, பந்தை எடுத்துத் திரும்ப வைப்பது, யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று உரக்கச் சொல்வது, இதுதான் உத்தியோகம். ஆடுகிறவர் கர்னலாக இருந்தாலும் கம்பெனி முதலாளியாக இருந்தாலும் தப்பைத் தப்பென்றே சொல்வார். அதனால் இரண்டு தரம் வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை அதிகம்தான். கேட்கிறவர்களுக்கு மூன்றாவது தடவைக்குப் பிறகு அலுத்துவிடும்.

மனைவி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றாள். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகள் ஓசூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். மார்க்கர் ஒற்றை அறையில் தானே பொங்கி, தானே துவைத்து, டிவியைப் பேசவிட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

சொர்ணத்தைப் பார்த்தது அரசு சுகாதார மையத்தில், சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. நர்சரி பள்ளியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், வயது அறுபத்தாறு. லாரி ஓட்டிய புருஷன் பக்கவாதம் வந்து ஆறு வருஷம் கட்டிலில் கிடந்தான். திருப்பிப் படுக்கவைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் அவள் ஒருத்தி. அவன் போய் நாலு வருஷம். மாத்திரை வரிசையில் ஆரம்பித்த பேச்சு, அல்சூர் ஏரிவரை சேர்ந்து நடப்பது என்று வளர்ந்தது. நடுவில் சொர்ணத்துக்குக் கால் வலிக்கும், எங்காவது உட்காருவாள். மார்க்கரும் பெருந்தன்மையாகப் பக்கத்தில் உட்காருவார். அப்படி உட்கார்ந்த ஒரு நாளில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. யார் முதலில் எடுத்தார்கள் என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

சொர்ணத்தின் மகன் அஷ்வின் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், அங்கேயே அடுக்குமாடி வீடு. அம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றதும் அவன் குதிக்கவில்லை. தாத்தா காலத்திலேயே பௌத்தம் தழுவி, ஜாதகக் கட்டுகளை அடுப்பில் போட்ட குடும்பம். ஊர் என்ன சொல்லும் என்று அவன் கேட்டால் அது அவனுக்கே அசிங்கம். அதனால் வேறு ஒன்றைக் கொண்டு வந்தான்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஜாதகம் கீதகம்லாம் நாங்க பாக்கறதில்ல. இது ரிசர்ச். வெளிநாட்டுல ஆயிரக்கணக்கான வயசானவங்கள கேள்வி கேட்டு, அப்புறம் யாரு எத்தன வருஷம் உயிரோட இருந்தாங்கன்னு பாத்து கணக்கு போட்டிருக்காங்க. பன்னெண்டே கேள்விதான்" என்று போனை எடுத்தான்.

"பாஸ் மார்க் எவ்ளோ தம்பி?"

"இதுல மார்க் கம்மியா வந்தாதான் அங்கிள் நல்லது."

"ஓ, கோல்ஃப் மாதிரி."

அஷ்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்கப்பாவ அம்மா ஆறு வருஷம் தூக்கி எறக்குனத பாத்துட்டேன். இன்னொரு தடவ அதப் பாக்க என்னால ஆவாது. மார்க் ஜாஸ்தியா வந்தா, சாரி, நான் ஒத்துக்க மாட்டேன். நான் ஒத்துக்காம அம்மா செய்யாது."

மார்க்கருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பையன் சொன்னதில் நியாயம் இருந்தது. போதாததற்கு, அதே பயம் அவருக்கும் இருந்தது. தான் விழுந்தால் சொர்ணம் மறுபடி அந்தப் பழைய பாட்டை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்து நாலைந்து இரவுகள் தூங்காமல் கிடந்திருக்கிறார். ஆனாலும் அவள் வேண்டும் என்றிருந்தது. அந்த வயதில் இவ்வளவு ஆசைப்படுவது அவருக்கே வெட்கமாக இருந்தது.

வயதுக்கு மார்க் விழுந்தது. ஆணாகப் பிறந்ததற்கு விழுந்தது. ஒல்லியாக இருப்பதற்கும் விழுந்தது.

"இந்த ஒடம்ப வெச்சுத்தான் தம்பி இவ்ளோ நாள் வண்டி ஓடுது" என்றார். போன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சர்க்கரை உண்டு. பீடி விட்டாயிற்று. பணம் காசு கணக்குப் பார்க்கச் சிரமமா என்று கேட்டதற்கு, "ஸ்கோர் சொல்லியே சோறு தின்னவன்யா நான்" என்று ஆரம்பித்து கர்னல் கதைக்குள் இறங்கப் போனவரை அஷ்வின் அடுத்த கேள்விக்கு இழுத்தான். பெரிய சோபாவைத் தள்ள முடியுமா? அந்த வீட்டில் சோபா ஏது! மார்க்கர் எழுந்து இரும்பு பீரோவைத் தள்ளிக் காட்டவே போய்விட்டார். அதற்குள் வேணாம் அங்கிள், வேணாம் அங்கிள் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"எங்கயும் உக்காராம ஒரு நாலு தெரு நடப்பீங்களா?"

மார்க்கர் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். சொர்ணம் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். தீபாவளியிலிருந்தே நாலு தெரு என்றால் மூச்சு வாங்குகிறது. அது தன் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"ஏரி வரைக்கும் தெனம் போறனே. நடப்பேன்."

முப்பத்தெட்டு வருஷம் ஒரு பொய் ஸ்கோர் சொல்லாத மனுஷன் அன்றைக்குச் சொன்னார். காது மடல் சூடாகிவிட்டது.

சொர்ணம் டம்ளர்களோடு வெளியே வந்தாள். "முடியாது. நடுவுல ரெண்டு எடத்துல உக்காருவாரு. எனக்குக் கால் வலின்னு சொல்லி நான்தான் உக்கார வெப்பேன். எழுதிக்கோ."

மார்க்கர் டீயை வாங்கவில்லை. அவள் காலுக்கு ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைவிட, மகன் முன்னால் தன்னைக் காட்டிக்கொடுத்தாளே என்றுதான் வலித்தது. வேண்டாம் என்று நேராகச் சொல்ல வாய் வராமல், பையனையும் போனையும் விட்டுச் சொல்ல வைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

அஷ்வின் அதையும் போட்டு மீதிக் கேள்விகளை முடித்தான். "இந்த மார்க் வாங்குற நூறு பேருல, பத்து வருஷம் கழிச்சு முப்பது பேருதான் இருப்பாங்களாம் அங்கிள்."

"நான் அந்த முப்பதுலயா, எழுபதுலயா?"

"அது... அது இதுக்குத் தெரியாது."

"அப்ப இதுக்கு என்னதான் தெரியும்?"

சொர்ணம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு மகன் எதிரில் உட்கார்ந்தாள். "சரி. இப்ப என்னக் கேளு."

"ஒனக்கு எதுக்கும்மா?"

"பொருத்தம்னா ரெண்டு பக்கமும் பாக்கணும்ல. கேளு."

கேட்டான். வயது, எடை, சர்க்கரை எல்லாம் கடகடவென்று போயிற்று. பிறர் உதவி இல்லாமல் குளிக்க முடிகிறதா என்ற கேள்வி வந்ததும் அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேலுக்கு ஊத்திக்குவேன். தலைக்கு முடியாது. இந்தக் கை தோளுக்கு மேல போவாது. ஒங்கப்பாவத் தூக்கித் தூக்கி ஆனது. பக்கத்து வூட்டு பெர்னதெத்துதான் ஞாயித்துக்கெழம வந்து தலைக்கு ஊத்துவா. ரெண்டு வருஷமா."

அஷ்வின் கை போன்மேல் அப்படியே நின்றுவிட்டது. "என்கிட்ட சொல்லவே இல்லியேம்மா."

"தெனம் போன் பண்ணி சாப்டியான்னு கேப்ப. சாப்டேன்னு சொல்வேன். குளிக்க முடியுதான்னு இன்னிக்குத்தான கேட்ட."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்கு அதிகமாகக் குத்தியது. போனைக் கவிழ்த்து வைத்தான். எங்க வீட்டுக்கு வந்துடும்மா, நாங்க பாத்துக்கறோம் என்றான்.

"காலைல எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ஆபீஸ் கெளம்பிருவீங்க. பதினோராவது மாடில நான் செவுத்தப் பாத்துனு இருக்கணுமா? வேணாம் கண்ணு." சொர்ணம் மார்க்கர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. இந்தக் கை இன்னும் மோசமாவும்னு டாக்டர் சொல்லிட்டாரு. படுத்தா படுத்ததுதான். அப்ப என்னப் பாத்துக்குவீங்களா?"

மார்க்கர் திகைத்துப்போனார். இத்தனை நாள் அவர் பயந்த பயமெல்லாம் தான் படுப்பதைப் பற்றித்தான். அவள் படுக்கலாம் என்பது ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. பாத்துக்குவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாய்வரை வந்தும் விட்டது. ஆனால் சற்று முன் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்ட சூடு இன்னும் ஆறவில்லை.

"தெரியாது சொர்ணம். யாரையும் பாத்துப் பழக்கமில்ல. எம் பொண்டாட்டி அதுக்கு எடமே குடுக்கல. நீ பாத்த மாதிரி எனக்கு வராது, கத்துக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா வுட்டுட்டு ஓடிப் போவ மாட்டேன். ஓடணும்னாலும் நடுவுல ரெண்டு எடத்துல உக்காரணும்."

சொர்ணம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் ஒங்கள மறுபடி தூக்கி எறக்கணுமேன்னு பயம்தான். தனியா படுத்துக் கெடக்கறதுக்கு அத வுட பயம்" என்றாள்.

அஷ்வின் கவிழ்த்து வைத்த போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு, பதிவு ஆபீசுக்கு ஆதார் அட்டை ஒரிஜினலே கொண்டுபோகணும் அங்கிள் என்றான்.

பதிவு அலுவலகத்தில் ஒரு மாதம் அறிவிப்பு ஒட்டியிருந்து, ஒரு வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. முதல் சாட்சிக் கையெழுத்து அஷ்வினுடையது. மார்க்கர் தன் டிவியைத் தூக்கிக்கொண்டு சொர்ணம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெர்னதெத் சர்ச்சில் பூசை முடிந்து வழக்கம்போல வந்து கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. குளியலறைப் பக்கமிருந்து, "காதுல போவுது, மெதுவா ஊத்துங்க, காதுல போவுதுன்றேன்ல" என்று சொர்ணம் கத்துவது தெருவரை கேட்டது. பெர்னதெத் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பினாள்.