முதலில் சிவப்பு போட்டவன்

எங்கள் தொழிலில் கையில் கிரீஸ் படாது. மனசுதான் ஓரிடத்தில் உட்காராது. ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் புராஜெக்ட் மேனேஜர் நாற்காலியில் நெளிந்துகொண்டிருக்கும் சக நோயாளிகளுக்கு இது புரியும்.

கேட்கிற வேலை

பதினெட்டு வருடம் மெயின்டனன்ஸில் இருந்தேன். நின்றுபோன மெஷின் ஓடினால் அன்றைய வேலை முடிந்தது. நாற்பத்திரண்டு வயதில் நானாகக் கேட்டுத்தான் புராஜெக்ட் பக்கம் வந்தேன். இப்போது ஐம்பத்து மூன்று. பழி போட ஆள் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

மாறிய அன்று மனைவி கலைவாணியிடம் விளக்கினேன். கட்டடம் ஒருவர், மின்சாரம் ஒருவர், மெஷின் ஒருவர். எல்லாம் ஒரே தேதியில் வந்து சேர வேண்டும், அதற்கு நான் பொறுப்பு என்றேன். அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "அப்போ நீங்க எதையும் செய்யப் போறதில்ல, செஞ்சாச்சா செஞ்சாச்சான்னு எல்லாரையும் கேக்கப் போறீங்க, அவ்ளோதானே?"

பதினைந்து நாள்

போன வருடம் வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலைக்கு நாற்பது டன் பிரஸ் மெஷின் வந்தது. அது உட்கார கான்கிரீட் அடித்தளம் போட்டோம். இறுகுவதற்கு இருபத்தெட்டு நாள் விடுவது வழக்கம். ஆனால் வாடிக்கையாளர் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வரும் தேதி முன்பே முடிவாகியிருந்தது. அட்டவணையில் இருபத்தெட்டை அழித்துப் பதினைந்து என்று போட்டேன். கம்ப்யூட்டர் மறுத்துப் பேசவில்லை.

மேஸ்திரி ஏழுமலை மண்ணூர்க்காரர். கான்கிரீட் போட்ட அன்று மழை வேறு. அடுத்த வாரம் குச்சியால் ஓரத்தைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நாள் கணக்கு பத்தாது சார். மெஷினை எறக்கி போல்ட்டு முடுக்க என் ஆளுங்க ஆறு பேரு அதுங்கீழதான் குந்திகினு இருப்பாங்க" என்றார். திட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அவர் குச்சியைத் தூக்கிப் போட்டார். "பிளானு உங்க பேச்சை கேக்கும் சார், சிமிட்டி இன்னாத்துக்கு கேக்கும்?"

பச்சை

திங்கட்கிழமை ரிவ்யூவில் அவரவர் வேலைக்கு நேராக நிறம் போட வேண்டும். சரியாக நடந்தால் பச்சை, தாமதம் என்றால் சிவப்பு. இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதலில் யார் சிவப்பு போடுகிறாரோ, மொத்தத் தாமதமும் அவர் தலையில். அந்த நிழலில் மற்றவர்கள் தங்கள் தாமதத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம்.

மின்சார வேலை பார்த்த முருகேசனுக்கு, மெஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் பேனல் இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் சிவப்பு போடுவான், எனக்கு ஒரு வாரமாவது கூடக் கிடைக்கும் என்று நம்பி, அடித்தளத்துக்கு நேராகப் பச்சை போட்டேன். அவனும் பச்சை போட்டான். "சபாஷ், வியாழக்கிழமை கிரேன் வரட்டும்" என்று பிளான்ட் ஹெட் எழுந்துவிட்டார். வெளியே டீ மெஷின் அருகே முருகேசன் என்னைப் பிடித்துக்கொண்டான். "இன்னாண்ணே இது, உங்க பவுண்டேஷன் லேட்டாவும்னு நம்பித்தானே நான் பச்சை போட்டேன், இப்டி கவுத்துட்டீங்களேண்ணே!"

கையெழுத்து

அடித்தளம் போடும்போதே அதே கலவையில் சில சின்னக் கட்டிகள் வார்த்து, சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். புதன்கிழமை மதியம் முடிவு வந்தது. போதாது. மெஷினை இறக்கலாம் என்ற படிவத்தில் என் கையெழுத்து மட்டும் பாக்கி.

சுங்குவார்சத்திரத்தில் வண்டியை ஓரம் கட்டி இரண்டு டீ குடித்தேன். கொஞ்சம் பலம் குறைந்தாலும் தாங்கிவிடும் என்று ஒரு மனம். மெயின்டனன்ஸில் இருந்தபோது இப்படி ஒரு மெஷின் அடியில் நீ படுப்பாயா என்று இன்னொரு மனம். மூன்றாவது டீயைச் சொல்லிவிட்டு, குடிக்காமலே பிளான்ட் ஹெட்டை அழைத்தேன். "சார், அடித்தளம் சிவப்பு. மெஷினை இறக்க முடியாது" என்றேன். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்: "இத்தனை வருஷ சர்வீஸ் சார் உங்களுக்கு, இதைத் திங்கட்கிழமை சொல்ல முடியலையா?"

பதிமூன்று நாள்

கிரேன் திரும்பிப் போனது. பார்வையிடும் தேதியும் தள்ளிப்போனது. அடித்தளம் முழு இருபத்தெட்டு நாளும் கிடந்து இறுகியது. அதற்குள் முருகேசனின் பேனல் வந்து சேர்ந்தது. சொன்ன தேதியில் முடித்தவன் என்று கைதட்டல் வாங்கினான். அடுத்த புராஜெக்ட்டும் அவனுக்குத்தான்.

மெஷின் இறங்கிய காலை, அதன் அடியில் ஆறு பேரும் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போக மனமில்லாமல் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். ஏழுமலை ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினார். "குந்து சார். சும்மா இங்கயும் அங்கயும் நடந்துகினே இருந்தா எங்களுக்குத்தான் பயமா கீது."

இந்தத் தொழிலில் உண்மையைச் சொல்பவனுக்குத் தாமதக்காரன் என்று பெயர். அந்த உண்மையையே தாமதமாகச் சொன்னவனுக்கு என்ன பெயர் என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.