நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேல்

மேற்கு வர்ஜீனியா மலைகளில் மான் வேட்டை தொடங்கும் திங்கட்கிழமையன்று பள்ளிக்கூடம்கூடத் திறக்காது. அந்த நாளாகப் பார்த்துத்தான் டெல்பர்ட் ஸ்காக்ஸ், டெக்சஸில் குழாய் பதிக்கும் வேலைக்குப் புறப்பட்டான்.

கொட்டகையில் அவன் தங்கை ட்வைலாவின் ஜீப் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. பின்சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் ஆக்சில் இல்லை. பக்கத்தில், பழைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலிருந்து கழற்றிய ஆக்சில் கிடந்தது. பழையதைவிடத் தடிமன், உறுதி. அதைத் தங்கையின் ஜீப்புக்கு மாற்றித் தருவதாக ஆகஸ்டிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

"நோட்டுல எல்லாம் வரைஞ்சு வெச்சிருக்கேன். கிறிஸ்மஸ் லீவுல வந்து மாட்டிடறேன்."

"எனக்கு ஒண்ணாந்தேதி வண்டி வேணும்டா. கோடு போட்ட நோட்டுல ஏறியா நான் தபால் குடுக்கப் போறது?"

"அவசரப்பட்டா கோணலாயிடும்" என்றபடி கார் கதவைச் சாத்தினான்.

ட்வைலா ஒன்பது வருஷம் மலைவழித் தபாலில் மாற்று ஆளாக ஓடியவள். சாலையோரம் வீட்டுக்கு வீடு நானூற்றுப் பன்னிரண்டு தபால் பெட்டி; ஒவ்வொன்றுக்கும் நின்று கிளம்பியதில்தான் பழைய ஆக்சிலின் நடுவிலிருந்த பல்சக்கரப் பெட்டியில், டிஃபரன்ஷியலில், பல் தேய்ந்தது. இப்போது அந்த வழியில் நிரந்தர இடம் காலி. தபால் அலுவலகத் தலைவி மிசஸ் புரூயிட் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "டிசம்பர் ஒண்ணாந்தேதி காலைல பனியில ஏறுற வண்டியோட வந்து நில்லு, வழி உனக்கு. இல்லேன்னா அடுத்த ஆளு."

அதுவரை அம்மாவின் கார். ஜீப்பைப் போல் இல்லாமல் அதில் ஸ்டீயரிங் இடது பக்கம். பெட்டிகளோ வலது பக்கம். வலது சீட்டில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி பிரேக்கை மிதித்து, இடது கையால் திருப்பி, வலது கையால் தபால் போடுவாள். சாயங்காலம் இடுப்பு அவளுடையதாகவே இருக்காது.

புதன்கிழமை, ஜூனியர் லைவ்லி என்ற பள்ளித் தோழனை வெல்டிங் மெஷினோடு இழுத்து வந்தாள்.

"மான் காத்துக்கிட்டு இருக்குடி எனக்கு."

"மூணு நாளா உன்னைப் பாத்து மான் சிரிக்குது. வேலையைப் பாரு."

புது ஆக்சிலின் டிஃபரன்ஷியல் மூடியில், போல்ட்டில் தொங்கிய பல் விகிதத் தகட்டைத் துடைத்து, ஜூனியர் படித்தான். "மூணு அம்பத்தஞ்சு. உன் முன்னாடி ஆக்சிலும் அதேதான். பொருந்திடுச்சு."

ஸ்பிரிங் பட்டைகள் உட்காரும் தட்டுகளை ஜீப் அந்தரத்தில் நிற்கும்போதே பற்றவைக்கப் போனான். வண்டியின் கனம் ஸ்பிரிங் மேல் இறங்கிய பிறகுதான் பற்றவைக்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அரை நாள் சண்டை. சனிக்கிழமை வண்டி தரையில் நின்றது; ஓட்டினால் சத்தமே இல்லை. ட்வைலா சிரித்தது அந்த வாரத்திலேயே அன்றுதான்.

ஞாயிறு மதியம் சர்ச் சாலையில் நாலு சக்கரமும் இழுக்கும்படி கியரைப் போட்டாள். பத்தடி போவதற்குள் ஜீப் விறைத்துக்கொண்டு உதறியது. அடியில் 'டங்' என்று ஓர் அடி. நிறுத்திவிட்டாள்.

கொட்டகையில் மறுபடி தூக்கி நிறுத்தி, எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை ஜூனியர் கையால் திருப்பினான். ட்வைலா பின்சக்கரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தகட்டின்படி சக்கரம் ஒரு முறை சுற்றி வர, ஷாஃப்ட் மூன்றரைச் சுற்று சுற்ற வேண்டும்.

"நாலு... நாலுக்குக் கொஞ்சம் மேல."

"திரும்பத் திருப்பு."

"எத்தனை தடவை திருப்பினாலும் நாலுதான்டி! மூடி வேற வண்டியோடது. துரு பிடிச்சிருக்குன்னு எவனோ மாத்தியிருக்கான், தகடும் கூடவே வந்திருக்கு."

முன்சக்கரம் ஒரு கணக்கில் ஓட, பின்சக்கரம் வேறு கணக்கில் ஓட, நடுவில் கியர்ப் பெட்டி மாட்டிக்கொண்டு முறுகியிருக்கிறது. பற்றவைப்பதற்கு முன்பே ஒரு தடவை திருப்பி எண்ணியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. ட்வைலா ஸ்பேனரைச் சுவரில் எறிந்தாள். பிறகு போய் எடுத்து வந்தாள். அந்த அளவில் வேறு ஸ்பேனர் இல்லை.

"முன் ஷாஃப்டைக் கழட்டு" என்றாள்.

"கழட்டினா ரெண்டு சக்கரந்தான் இழுக்கும். பனியில செத்தே."

"இந்த டிஃபரன்ஷியல் பின்னாடி ரெண்டையும் சேத்து இழுக்கும்ல? டயருக்குச் சங்கிலி மாட்டறேன். பின்னாடி கனத்துக்கு மணல் மூட்டை ஏத்தறேன். அந்தம்மா பனியில ஏறணும்னாங்க, எத்தனை சக்கரத்துலன்னு கேக்கல."

டிசம்பர் ஒன்று, திங்கட்கிழமை, ஆறு அங்குலப் பனி. ஏழு மூட்டை மணலோடு, சங்கிலி கடகடக்க, டர்க்கி ரிட்ஜ் மேட்டில் இரண்டு தடவை பின்னால் வழுக்கி மூன்றாவது தடவை ஏறினாள். கடைசிப் பெட்டியை மூடியபோது ஐந்தரை மணி. மிசஸ் புரூயிட் ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தார்.

"என்ன சத்தம் அது?"

"சங்கிலி, மேடம்."

"தபால் மிச்சமிருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

கையெழுத்துப் போட வேண்டிய தாளை எடுத்து நீட்டினார்.

குளிர்காலம் முழுக்க அந்த மணல் மூட்டைகளை ஏற்றி இறக்கினாள். டெல்பர்ட் கிறிஸ்மஸுக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஏப்ரலில், ஜீப்பை இருநூறாவது பெட்டிக்கருகே நிறுத்தியபோது போன் அதிர்ந்தது. டெல்பர்ட்.

"பிளான்ல சின்ன மாற்றம் இருக்கு. ஜீப் முட்டு மேலயே இருக்கட்டும், நீ எதையும் தொடாத. ஜூன்ல பாத்துக்கலாம்."